ஆள் போய்விடும் என்று பயப்படும் மகனுக்கு

தம்பி,

நீ சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ஆவூர்ப் பக்கம் போய், அங்கே உன் கம்பெனியில் வேலை செய்கிற ஸ்டெல்லாவின் அப்பாவைப் பார்த்து, நீ சொல்லச் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவிட்டு வந்தேன். "ஒங்க மக நேரத்த எழுதி வச்சுக்கிட்டுக் கேள்வி கேக்குறத நிறுத்தலைன்னா, கம்பெனி ஒரு மெயில் போட்டாப் போதுமாம். அறுவது நாள்ல அவ ஊரு வந்து சேரணுமாம்." சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. இதைப் போனில் பேசலாம் என்றால், "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்புடுறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். எழுதினால் பாதியில் யாரும் வெட்டிவிட முடியாது. இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். பயப்படாதே, உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. ஸ்டெல்லா என்பதும் நான் மாற்றி வைத்த பெயர்தான். வெளிநாட்டில் ஆள் வைத்து வேலை வாங்கும் பிள்ளையைப் பெற்றுவிட்டு, இங்கே அதைக் கல்யாண வீடு கல்யாண வீடாகப் பெருமை பேசித் திரிகிற தாய்மார்கள் என்னைப் போல் இன்னும் பல பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

எனக்குக் கோபம் வந்தால் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அறுபத்திரண்டு வயதாகிறது, மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் இந்தக் கோபத்தை விழுங்கினால்தான் உடம்புக்குக் கேடு என்று தோன்றுகிறது. இதில் பாதிக் கோபம் உன் மேல், பாதி என் மேல். யார் மேல் எவ்வளவு என்று நீயே படித்துப் பிரித்துக்கொள்.

மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்திருந்தாய். ஜெகதாப்பட்டினத்தில் நம்முடைய ஐஸ் கம்பெனி ஆபீசில், உங்கள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, உன் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று எனக்கு விளக்கினாய். இங்கிலாந்தில் தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சாப்பிட வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில். நல்ல தொழில்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பில் இருந்தவரை போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆட்கள் தாங்களாகவே பஸ் ஏறி வருவது போல் வந்து வேலை செய்தார்கள், எந்த முதலாளியின் தயவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்றாய். கூட்டமைப்பை விட்டு வெளியேறியதும் அந்த வழி அடைபட்டது. இனிமேல் வெளியிலிருந்து ஆள் வேண்டுமென்றால் முதலாளி அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஒவ்வோர் ஆளுக்கும் பொறுப்பேற்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் இருக்கும்வரைதான் அந்த ஆள் அந்த நாட்டில் இருக்கலாம். இதைச் சொல்லும்போது நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "முன்னாடி போலந்துக்காரனுக்குப் பிடிக்கலைன்னா நாளைக்கே அடுத்த கம்பெனிக்குப் போயிருவான்மா. இப்ப நம்ம ஆளுக எங்கிட்டும் போக முடியாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். 'எம்பிள்ளை கெட்டிக்காரன், நாடே மாறுனாலும் அதுலயும் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டான்' என்று நினைத்தேன். அன்றைக்கே உன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னாய். முன்பெல்லாம் ஒவ்வொரு தொழிலாளியும் அன்றாடம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று பதிந்து வைக்க வேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருந்ததாகவும், வெளியேறிய பிறகு அந்தத் தொல்லையைத் தளர்த்திவிட்டார்கள் என்றும், விதியை மீறவில்லை என்று காட்டுகிற அளவுக்கு ஏதோ ஒரு பதிவு இருந்தால் போதும் என்றும் சொன்னாய். அதற்கும் நான் தலையாட்டினேன். எனக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிடாதே. நீ ஒன்பதாவது படிக்கும்போது அப்பா போனதிலிருந்து இந்தக் கம்பெனியை நடத்துகிறவள் நான். வருகைப் பதிவேடு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் நோட்டைத் தேடி ஓடுவது, எல்லாம் பட்டவள். பதிவேடு எழுதுவது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான், 'ஆகா, அந்த நாட்டு முதலாளிக்கு எவ்வளவு வசதி' என்று பொறாமைப்பட்டேன். பதிவேட்டைத் தளர்த்தினார்களே தவிர, வேலை நேரத்தைத் தளர்த்தவில்லை என்று யோசிக்க அன்றைக்கு எனக்குப் புத்தி இல்லை. உனக்கு இருந்தது. நீ வேண்டுமென்றே பாதியை மட்டும் படித்தாய்.

அப்புறம் நீ ஆள் கேட்டாய். "நம்ம பக்கத்துப் பிள்ளைகளா இருந்தா நல்லதும்மா, சொன்ன பேச்சு கேக்கும்" என்றாய். நான்தான் விசாரித்தேன். புதுக்கோட்டையில் என்னுடன் பி.காம். படித்த தோழி ஒருத்தி வழியாக ஸ்டெல்லா வந்தாள். திருச்சியில் நர்சிங் முடித்துத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அவளுடைய அப்பா அந்தோணிசாமி கொஞ்சம் நிலத்தில் பாடுபடுகிறவர், மாதா கோவில் திருவிழாவுக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர். அவர் எங்கே அனுப்பத் துணிந்தார்? பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மனம் இல்லாமல் மூன்று வாரம் இழுத்தடித்தார். நான் நேரில் போய், "எம்மகன் கம்பெனிங்க. கூடப் பொறந்த பொறப்பு மாதிரி பாத்துக்குவான். ஒண்ணுன்னா எங்கிட்டக் கேளுங்க" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சரி என்றார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளையை நீ கையில் வாங்கிக்கொண்டு போய் என்ன செய்தாய் என்று போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் மீன் வாடியில் நல்ல வஞ்சிரம் வந்திருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான்கு மீனை வாங்கி, ஐஸ் போட்டுப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அந்தோணிசாமி ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "நீங்க எதுக்குங்கம்மா இம்புட்டுத் தூரம், ஒரு போன் போட்டா நான் வந்திருப்பேன்ல" என்றார். அவர் மனைவி மீனைப் பார்த்துவிட்டு அரிவாள்மனையை எடுத்து வைத்தார். பிள்ளைக்கு ஏதோ நல்ல சேதி, சம்பள உயர்வோ என்னவோ என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள் என்பது அந்த முகங்களைப் பார்த்ததும் புரிந்தது. அப்போதாவது நான் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. மகன் சொன்ன வேலை, முடித்துவிடுவோம் என்று சொல்லி முடித்தேன்.

  அந்தோணிசாமி, "சரிங்க, பிள்ளைகிட்டச் சொல்றேங்க" என்றார். உள்ளே போய் அந்த மீன் பையை எடுத்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். "இத எடுத்துக்கிட்டுப் போயிருங்கம்மா. அவளுக்கு வேலைக்குப் பங்கம் இல்லாம இருந்தாச் சரி." கோபமாகச் சொல்லவில்லை, தம்பி. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். என் வயதுக்கு என்னைப் பலர் திட்டியிருக்கிறார்கள், ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் கொண்டுபோன மீனைத் திருப்பி யாரும் கொடுத்ததில்லை. ஐஸ் உருகிப் பை நனைந்து அவர்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடியது. அந்த அம்மா துணி கொண்டுவந்து என் காலைச் சுற்றித் துடைத்தார்.

நான் கிளம்புவதற்குள் ஸ்டெல்லாவே கூப்பிட்டுவிட்டாள். அப்பா சேதியைச் சொன்னதும், "அந்த அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்று கேட்டு வாங்கிப் பேசினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அம்மா, ஒங்க பையன் சொல்லச் சொன்னத நீங்களே வந்து சொல்லிட்டீகளாம்மா?"

"ஆமாத்தா."

"நான் என்னம்மா செஞ்சேன்? வேலைய விட்டு ஓடுனேனா? வேலை செய்ய மாட்டேன்னு சொன்னேனா? எத்தன மணிக்குப் போனேன், எத்தன மணிக்கு வந்தேன்னு எழுதுனேன். அம்புட்டுத்தான். எழுதுறது ஒரு குத்தமாம்மா?"

அவள் எழுதியதில் ஒரு நாளை எனக்குப் படித்துக் காட்டினாள். விடியுமுன் ஆறு மணிக்கு முதல் வீடு. அங்கே நாற்பது நிமிஷம். அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் அரைமணி. அங்கே நாற்பது நிமிஷம். பிறகு ஒன்றரை மணி நேரம் எந்த வீடும் இல்லை. மழையில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாளாம். இப்படியே கடைசி வீட்டை முடித்துத் தன் அறைக்குத் திரும்பும்போது இரவு பத்தாகிவிடுமாம். உன் கம்பெனி செயலியில் அன்றைக்கு அவள் வேலை செய்தது ஏழு மணி நேரம்தான். வீட்டுக்கு வீடு போகிற நேரமும் காத்திருக்கிற நேரமும் அவளுடைய சொந்த நேரமாம். இதைக் கம்பெனிக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் உனக்கு ஆத்திரம்.

"ஒங்க பையன் குடுத்த கையேட்டுலயே போட்டிருக்கும்மா. வாரத்துக்கு இத்தன மணிதான், நடுவுல இத்தன மணி ஓய்வுன்னு. அந்தச் சட்டமெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கு. வெளிய வந்ததுல எதுவும் போகல. கேட்டா, 'சட்டமெல்லாம் இருக்கட்டும், ஒன்னோட சான்றிதழ் எங்கிட்ட இருக்கு'ங்குறாரு. நான் யாருகிட்டப் போயிச் சொல்றது? வேற கம்பெனி பாக்கலாம்னா, அறுவது நாளைக்குள்ள சான்றிதழ் குடுக்குற கம்பெனியாத் தேடணும். கேள்வி கேட்டு நீக்குன பிள்ளைய எவன் எடுப்பான்?"

நான் போனை அந்தோணிசாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.  பஸ்ஸில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் பூக்கட்டும் ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனம் இல்லை.

நீ பெருமையாக அனுப்பினாயே அந்தக் கையேடு, அது என் போனில் இருந்தது. பிரிண்ட் போட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்தில் 'ஒவ்வொரு பணியாளரும் கண்ணியத்தோடு நடத்தப்படுவார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். பின்னால் பார்த்தால் ஸ்டெல்லா சொன்னது எல்லாம் உன் கையேட்டிலேயே இருக்கிறது. வேலை நேர வரம்பு இருக்கிறது, ஓய்வு இருக்கிறது, சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது, உரிமையைக் கேட்டதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. எல்லாம் பழைய கூட்டமைப்புக் காலத்திலேயே வந்து இன்னும் நிலைத்து நிற்பவை, அல்லது அந்த நாடு தானே போட்டுக்கொண்டவை. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிந்து தனி அடுப்பு மூட்டியவன், பழைய வீட்டுப் பழக்கத்தை எல்லாம் மறுநாளே விட்டுவிடுவதில்லை. தட்டிக் கேட்கப் பெரியவர்கள் இல்லை என்று தெரிந்ததும், எது தனக்குச் சிரமமோ அதை மட்டும் மெல்ல மெல்ல விடுவான். அந்த நாடு அப்படித்தான் செய்கிறது போலிருக்கிறது. அது அவர்கள் பாடு, அவர்கள் ஓட்டு, அவர்கள் வீடு. நான் கேட்பது, அவர்கள் விடாததைக் கூட நீ ஏன் விட்டாய் என்று.

அவர்கள் வெளியேறும்போது என்ன சொன்னார்கள் என்றும் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். வெளியாட்கள் வந்து குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்வதால் உள்ளூர்த் தொழிலாளிக்குக் கெடுதல், அதனால் கதவைச் சாத்துகிறோம் என்றார்களாம். சரி, சாத்தினார்கள். வேலை செய்ய ஆள் போதவில்லை. உடனே வேறொரு கதவைத் திறந்தார்கள், அந்தக் கதவின் சாவியை முதலாளி கையில் கொடுத்தார்கள். முன்பு வந்தவன் பிடிக்காவிட்டால் எழுந்து போவான். அவன் எழுந்து போவான் என்ற பயத்திலேயே முதலாளி மரியாதையாகப் பேசினான். இப்போது வருகிறவள் எழுந்து போக முடியாது. சட்டப் புத்தகத்தில் அவளுக்கும் எல்லா உரிமையும் இருக்கிறது, உள்ளூர்க்காரனுக்கு இருக்கிற அத்தனையும் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்டால்தான் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். இப்போது அந்தக் கதவையும் சாத்தி, உன் மாதிரிக் கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள் என்று நீதான் புலம்பினாய். இருக்கிற ஆளை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாய். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. என் வயிற்றில் பிறந்தவன் பூசாரி ஆவான் என்று நான் நினைக்கவில்லை.

இதுவரை உன்னைத் திட்டினேன். இனிமேல் என் முறை.

கருப்பையாவை உனக்கு நினைவிருக்கும். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வந்து நம் கம்பெனியில் ஐஸ் கட்டி இழுத்தவன். குடும்பத்தோடு கம்பெனியின் லைன் வீட்டில் குடியிருந்தான். நம் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. லைனில் குடிவருகிற ஆள் ரேஷன் கார்டை நம்மிடம் கொடுத்து வைக்க வேண்டும். 'பத்திரமா இருக்கும்' என்று சொல்லி வாங்கி என் பீரோவில் பூட்டி வைப்பேன். உங்கள் அப்பா காலத்தில் இது கிடையாது. நான் கொண்டு வந்தது. புருஷன் இல்லாத பொம்பளை நடத்துகிற கம்பெனி, சீசன் நேரத்தில் ஆள் எல்லாம் பக்கத்துக் கம்பெனிக்கு ஓடிவிட்டால் படகுக்கு ஐஸ் எங்கிருந்து கொடுப்பேன் என்ற பயத்தில் கண்டுபிடித்த தந்திரம். கார்டு நம்மிடம் இருந்தால் ஆள் எங்கேயும் போக மாட்டான். அதைப் பத்திரம் என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

கருப்பையாவின் மகள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள். அரசாங்க நர்சிங் படிப்புக்கு மனுப் போட வருமானச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ரேஷன் கார்டு கொண்டுவரச் சொல்கிறார்கள் தாலுகா ஆபீசில் என்று வந்து நின்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தச் சமயத்தில் கோட்டைப்பட்டினத்தில் புது ஐஸ் கம்பெனி ஒன்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கார்டை வாங்கிக்கொண்டு அங்கே போகப் பார்க்கிறான் என்று நினைத்து, "இந்த வாரம் லோடு முடியட்டும், தர்றேன்" என்றேன். மறுபடி வந்தான். "நாளைக்கி வா" என்றேன். மூன்றாவது முறை வந்தபோது நீ காலேஜ் லீவுக்கு வந்து வீட்டில் இருந்தாய். அவன் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் கேட்டாய்.

"ஏம்மா, அவரு கார்டத்தானே கேக்குறாரு. குடுத்தா என்ன?"

நான் சொன்னேன்: "ஒனக்குத் தெரியாது. குடுத்தா நாளைக்கே அடுத்த கம்பெனிக்குப் போயிருவான்."

அந்த வாக்கியத்தை இப்போது உன் வாயில் வைத்துப் பார். போலந்துக்காரனைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னது அதேதான். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அன்றைக்கு நீ சரியான கேள்வி கேட்டாய், நான் தப்பான பதிலைச் சொல்லிக் கொடுத்தேன். இருபது வயதில் உனக்கு இருந்த நியாயத்தைக் கெடுத்தவள் நான்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கார்டைக் கொடுத்தேன், கடைசித் தேதி முடிந்த பிறகு. அவன் வாங்கிக்கொண்டு ஐஸ் இழுக்கப் போனான். அந்தப் பிள்ளை அந்த வருஷம் திருப்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போனாள். மறு வருஷம் படிக்கலாம் என்றுதான் போனாள், படிக்கவில்லை. கருப்பையா கோட்டைப்பட்டினம் போகவே இல்லை, நம் கம்பெனியிலேயே இன்னும் ஆறு வருஷம் இழுத்தான். அவன் சொன்னது பொய்யில்லை என்று அந்த ஆறு வருஷமும் தினமும் என் கண் முன்னால் நின்றான். நான் ஒரு நாள்கூட அவனிடம் தப்பாகிவிட்டது என்று சொன்னதில்லை. தீபாவளிக்கு அவன் மகளுக்கு ஒரு சேலை கூடுதலாக எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு கேவலம் பார்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா என்று கேள். இல்லை. ரேஷன் கார்டை விட்டுவிட்டு ஆதார் கார்டுக்கு மாறினேன். ஒடிசாவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் வந்த ஆறு பேருடைய ஆதார் கார்டு ஆவூர் போகிற அன்றைக்கும் என் பீரோவில்தான் இருந்தது. திரும்பி வந்த மறுநாள் காலையில் ஆறு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஆள் கையில் கொடுத்தேன். எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொண்டார்கள். "இனிமே யாரும் எங்கிட்டக் குடுக்க வேணாம்" என்றேன். இரண்டு பேர் அந்த வாரமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நீ இதைப் படித்துவிட்டு, 'பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல' என்பாய். ஆமாம், போய்விட்டார்கள். அங்கே தங்க இடம் நன்றாக இருக்கிறதாம். நான் லைன் வீட்டுக்கு மேலே தகரத்தை மாற்றாமல் நான்கு வருஷம் இழுத்தடித்தேன். மாற்றவேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் இருந்தது, பீரோவில் கார்டு இருந்ததால். இந்த வாரம் தகரம் மாற்ற ஆள் வருகிறது. நான்கு பேரை வைத்துக்கொண்டு படகு போகும் நாளில் லோடு ஏற்றத் திண்டாடுகிறேன், நானே டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். திண்டாட்டம்தான், ஆனால் வேலைக்கு வருகிற நான்கு பேரும் தங்கள் விருப்பத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்து கம்பெனிக் கதவைத் திறப்பது எனக்குப் புதிதாக இருக்கிறது.

முதலாளிக்கு முதலாளியாக உனக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் போய்விடும் என்ற பயம் தொழிலில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பயம்தான் நம்மை நேரத்துக்குச் சம்பளம் போட வைக்கும், கூரையை மாற்ற வைக்கும், நாக்கை அடக்க வைக்கும். அந்தப் பயத்தைக் காகிதத்தால் போக்கிக்கொண்டவன் மெல்ல மெல்லக் கெட்டுப்போவான். நான் கெட்டேன். எனக்குக் கெட்டதே தெரியவில்லை. உன் நாடு உன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்திருக்கிறது என்பதற்காக நீ அதைக் கழுத்துக் கயிறாக்கத் தேவையில்லை. அவள் எழுதிய மணிகளை வாங்கிப் பார். பயண நேரத்தைச் சேர். சான்றிதழைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடு. அவளுக்கு மட்டுமில்லை, உன்னிடம் அந்தக் காகிதத்தோடு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடு. அவள் வேறு இடம் போகக் கேட்டால் நல்ல வார்த்தை எழுதி அனுப்பி வை. ஆள் பற்றாக்குறையில் உன் கம்பெனி சுருங்கினால் சுருங்கட்டும். சின்னக் கம்பெனி நடத்துவது ஒன்றும் அவமானம் இல்லை. உன்னை அதில்தான் வளர்த்தேன்.

நீ செய்வாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. முன்பானால் தெரியும் என்று சொல்லியிருப்பேன். அதனால் காத்திருக்காமல் நேற்று மறுபடியும் ஆவூர்ப் பக்கம் போனேன். இந்தத் தடவை எதுவும் கொண்டுபோகவில்லை. அந்தோணிசாமியிடம், "போன வாரம் நான் சொன்னது மிரட்டல். அது எம்மகன் சொன்னது, சுமந்துக்கிட்டு வந்தது நான். ஒங்க மக பேர்ல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அவர் உடனே சமாதானமாகிவிடவில்லை. "பெரியவுக நீங்களே இப்படிச் செஞ்சா நாங்க யாரத்தாங்க நம்புறது?" என்று கேட்டார். "ஒங்க மககிட்டயும் நானே சொல்லிர்றேன்" என்றேன். கடைசியில் அவரே மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டெல்லா புகார் எழுதிக்கொண்டிருக்கிறாள், தம்பி. அங்கே தொழிலாளிக்கு உதவுகிறவர்கள் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மணி எழுதிய நோட்டு அவளிடம் இருக்கிறது. ஆனால் நீ மிரட்டியதற்குச் சாட்சி இல்லையாம். நேரில் சொல்லும்போது அறையில் நீங்கள் இரண்டு பேர்தான் இருந்தீர்களாம். "வேற யாருகிட்டயும் அவரு அப்படிச் சொல்லலையாம்மா" என்று கேட்டாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை நான். எனக்குப் போன் பண்ணிச் சொன்னான், போய்ச் சொல்லச் சொன்னான், நானும் சொன்னேன், என் பேரைப் போட்டுக்கொள் என்றேன்.  அவள் என் முழுப் பெயரையும் முகவரியையும் கேட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

உன்னை வெறுத்துச் செய்யவில்லை. நீ எப்போது வந்தாலும் வீட்டில் சோறு இருக்கும், உன் அறை பெருக்கித்தான் இருக்கும். ஆனால் கருப்பையா வாசலில் நின்றபோது உனக்கு ஒரு தாய் இருந்திருக்க வேண்டும், அன்றைக்கு இல்லை. இப்போதாவது இருந்துவிட்டுப் போகிறேன். கடைசியாக அந்தப் பிள்ளை ஒன்று கேட்டாள். சாட்சிக்கும் முதலாளிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு இடம் இருக்கிறதாம், அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ஊர்க்காரர் என்று போட்டுவிடட்டுமா, உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றாள்.

"இல்லத்தா," என்றேன். "அவரோட அம்மான்னே எழுது."